சுக்கான்கல் தோப்புக்குச் சுண்ணாம்புப் பஞ்சமாம்: இலைப் பரிசோதனைக்குக் காசு கொடுத்த கதை

இரண்டு வருடத்துக்கு முன்னால், அக்டோபர் கடைசியில், வாட்ஸ்அப்பில் ஒரு ரிப்போர்ட் வந்தது. எங்கள் மாந்தோப்பின் இலைப் பரிசோதனை முடிவு. திறந்தால் முதல் பக்கத்திலேயே சிவப்பு எழுத்தில் "சுண்ணாம்புச்சத்து: கடும் பற்றாக்குறை" என்று இருக்கிறது. சுண்ணாம்புச்சத்து என்றால் கால்சியம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிருஷ்ணகிரிப் பக்கம் எங்கள் தோப்பில் கிழக்கு ஓரமாக ஒன்றரை அடி தோண்டினால் கடப்பாரை 'ணங்'கென்று சுக்கான்கல்லில்தான், அதாவது சுண்ணாம்புக்கல்லில்தான் முட்டும். அப்பா கிணறு வெட்டியபோது எடுத்துப் போட்ட சுக்கான்கல் இன்னும் வேலியோரம் குவியலாகக் கிடக்கிறது. அந்த மண்ணில் பதினெட்டு வருடமாக வேர் விட்டு நிற்கிற மரத்துக்குச் சுண்ணாம்பு போதவில்லையாம். அடுத்த பக்கத்தில் கால்சியம் நைட்ரேட் இத்தனை மூட்டை, திரவக் கால்சியம் இத்தனை லிட்டர் என்று 14,000 ரூபாய்க்கு ஒரு பட்டியல் வேறு.

அன்றைக்கே திட்டி எழுதியிருப்பேன். நல்ல வேளை எழுதவில்லை. அதற்கப்புறம் அதே ஆய்வகத்தில் இன்னும் சில முறை காசு கட்டி, கொஞ்சம் படித்து, கொஞ்சம் சண்டை போட்டு, இப்போது எழுதுகிறேன். ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். மெஷினுக்கு முழு மார்க், இலை பறித்த விதத்துக்குப் பூஜ்யம், போனில் பேசியவர்களுக்கு ஒரு மார்க் கூடுதல், எல்லாம் கலந்து மூன்று. ஆய்வகத்தின் பெயரைப் போடவில்லை. இதே மாதிரி வீடு தேடி வந்து இலை வாங்கிப்போகும் சேவை இப்போது நிறைய இருக்கிறது, யாரிடம் கொடுத்தாலும் கேட்க வேண்டிய கேள்விகள் ஒன்றுதான்.

சேவை என்னவென்றால் இதுதான். போனில் பதிவு செய்தால் ஆள் தோப்புக்கு வருவார், இலை பறிப்பார், ஆய்வகத்துக்கு அனுப்புவார், பத்து நாளில் தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்), சுண்ணாம்பு, மக்னீசியம், கந்தகம், அப்புறம் இரும்பு, துத்தநாகம், மாங்கனீசு, தாமிரம், போரான் என்று பதினொன்றுக்கும் அளவு வரும். ஒரு மாதிரிக்கு என்னிடம் வாங்கியது 1,500 ரூபாய். சொன்ன நாளில் ஆள் வந்தார், சொன்ன நாளில் ரிப்போர்ட் வந்தது. நம் ஊரில் இதற்கே தனியாகப் பாராட்ட வேண்டும்.

மண் பரிசோதனை இருக்கும்போது இலை எதற்கு என்று பக்கத்துத் தோட்டத்து மாமா கேட்டார். நியாயமான கேள்விதான். மண்ணில் என்ன கிடக்கிறது என்று மண் பரிசோதனை சொல்லும், அதில் மரம் எதை எடுத்துச் சாப்பிட்டது என்று இலைதான் சொல்லும். நெல்லுக்கு அரையடி மண் பார்த்தால் போதும், மாமரத்தின் வேர் எங்கெங்கோ போய் எதை எதையோ உறிஞ்சுகிறது, மேல்மண்ணைப் பார்த்து அதைச் சொல்லிவிட முடியாது. சுக்கான்கல் மண்ணில் இன்னொரு சிக்கல்: சத்து மண்ணில் இருக்கும், ஆனால் கார நிலை அதிகமாக இருப்பதால் கரையாமல் பூட்டிக்கொண்டு கிடக்கும். இது பின்னால் வரும்.

சரி, முதல் முறை என்ன நடந்தது? அந்த வருடம் செப்டம்பர் கடைசியில் நல்ல மழை. மரமெல்லாம் திடீரென்று கொழுந்து விட்டு, செம்புத் தகடு மாதிரி பளபளவென்று தொங்கிக்கொண்டிருந்தது. வந்த பையன், பாவம், அவனுக்கும் அன்றைக்கு ஏழெட்டுத் தோப்பு பார்க்க வேண்டியிருந்திருக்கும், பைக்கை நிறுத்திவிட்டு வரப்போரமாக நின்ற நாலு மரத்தில் கைக்கு எட்டிய கொழுந்தைக் கிள்ளி, கேரிபேக்கில் போட்டு முடிச்சுப் போட்டுக்கொண்டு போய்விட்டான். எனக்கும் அப்போது ஒன்றும் தெரியாது. பச்சையாக மாறத் தொடங்கிய மெல்லிய இலை, பார்க்கவே அழகாக இருந்தது, ஆரோக்கியமான இலையைத்தான் எடுக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். டீ வேறு வாங்கிக் கொடுத்தேன்.

அந்த இலைக்கு வயது இரண்டு வாரம்கூட இருக்காது. அதில் சுண்ணாம்புச்சத்து 0.5 சதவீதம். மெஷின் பொய் சொல்லவில்லை, அந்த வயது இலையில் அவ்வளவுதான் இருக்கும்.

ஏன் என்பதைப் புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நாள் ஆயிற்று. சுண்ணாம்புச்சத்து வேரிலிருந்து தண்ணீரோடு மேலே ஏறுகிறது, இலை வழியாகத் தண்ணீர் ஆவியாகிப் போய்விட, சுண்ணாம்பு மட்டும் இலையிலேயே தங்கிவிடுகிறது. திரும்பி இறங்குகிற பாதையில் அது அநேகமாகப் போகாது. வாடகைக்கு வந்தவர் வீட்டைக் காலி செய்யாமல் உட்கார்ந்துகொள்வது போல, வந்தது வந்ததுதான். ஆகவே இலைக்கு வயது ஏற ஏறச் சுண்ணாம்பு சேர்ந்துகொண்டே போகும். தழையும் மணியும் சாம்பலும் இதற்கு நேர் எதிர். வேலை எங்கே இருக்கிறதோ அங்கே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பும் கொத்தனார் மாதிரி, கொழுந்து விட்டால் கொழுந்துக்கு, பிஞ்சு பிடித்தால் பிஞ்சுக்கு என்று பழைய இலையை விட்டு இறங்கிப் போய்க்கொண்டே இருக்கும். அதனால் இளம் இலையில் இவை மூன்றும் நிறைய, முற்றிய இலையில் குறைவு.

இதில் இன்னொரு கணக்கும் ஒளிந்திருக்கிறது. ரிப்போர்ட்டில் வருவதெல்லாம் உலர்ந்த இலையின் எடையில் இத்தனை சதவீதம் என்ற கணக்கு. இலை முற்றும்போது நாரும் மாவுச்சத்தும் சேர்ந்து தடித்துக் கனமாகிறது, தழைச்சத்தின் அளவு அப்படியே இருந்தாலும் சதவீதம் இறங்கிவிடும். பால் அதே அளவுதான், தண்ணீர் கூடிப்போனால் பால் நீர்த்துப்போவது போல. இது தெரியாமல் "தழைச்சத்து குறைந்துவிட்டது" என்று உரக்கடைக்கு ஓடுகிறவர்கள் எத்தனை பேரோ.

அந்தச் செம்பு நிறத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், சின்ன வயதிலிருந்து எனக்கு அது ஒரு புதிர். கொழுந்தில் பச்சையம் இன்னும் சரியாக உருவாகியிருக்காது, ஆந்தோசயனின் என்ற செந்நிறப் பொருள்தான் மேலே தெரிகிறது. கடும் வெயிலில் அது இலைக்கு ஒரு திரை மாதிரி என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். இலை விறைத்துப் பச்சை பிடிக்கப் பிடிக்க அந்தச் சிவப்பு மறைந்துவிடும். மாவிலைக்குள் மாஞ்சிஃபெரின் என்று இன்னொரு மஞ்சள் சரக்கும் இருக்கிறது. பழைய ஓவியர்கள் பயன்படுத்திய 'இந்திய மஞ்சள்' என்ற சாயம், பீகாரில் முங்கேர் பக்கம் ஒரு கிராமத்தில் மாட்டுக்கு மாவிலையை மட்டுமே தின்னக் கொடுத்து அதன் மூத்திரத்திலிருந்து எடுத்தது என்று 1883-ல் முகர்ஜி என்பவர் எழுதி வைத்திருக்கிறார். இது உண்மையா கட்டுக்கதையா என்று வெகுகாலம் சண்டை போட்டிருக்கிறார்கள். நம் விஷயத்துக்கு இது தேவையில்லைதான், ஆனாலும் வாசலில் தோரணம் கட்டும்போதெல்லாம் எனக்கு அந்த மாடுகள் ஞாபகம் வருகிறது.

விஷயத்துக்கு வருவோம். அடுத்த வருடம் நானே ஒரு வேலை செய்தேன். எங்களுடையது பெரும்பாலும் பெங்களூரா ரகம், கொஞ்சம் செந்தூரா. பெங்களூரா அறுப்பு ஜூலையில் முடிந்தது, ஆகஸ்டில் புதுக் கொழுந்து விட்டது. இருபது மரத்தில், ஒவ்வொன்றிலும் நாலு திசைக்கும் ஒன்றாக, அந்தக் கொழுந்து விட்ட கிளை நுனிகளில் சிவப்புக் கயிறு கட்டிவிட்டேன். கோயில் கயிறு என்று நினைத்து வேலைக்கு வந்த அம்மா ஒருவர் கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தக் கயிறு கட்டிய கிளைகளின் நடுப்பகுதி இலையை மட்டும் அக்டோபரில் ஒரு முறை, ஜனவரியில் ஒரு முறை, காய் நிறைந்திருக்கும் மே மாதத்தில் ஒரு முறை என்று அதே ஆய்வகத்துக்கு அனுப்பினேன். கைக்காசு 4,500 போயிற்று, வீட்டில் கேட்ட கேள்விகள் தனி.

வந்த எண்களைப் பாருங்கள். இரண்டு மாத இலையில் தழைச்சத்து 1.8, சாம்பல்சத்து 1.1, சுண்ணாம்பு 1.0 சதவீதம். ஐந்து மாத இலையில் தழை 1.3, சாம்பல் 0.7, சுண்ணாம்பு 2.1. மே மாதம், காய் தொங்கும்போது, தழை 1.1, சாம்பல் 0.45, சுண்ணாம்பு 2.9. அதே மரம், அதே கிளை, அதே இலைக் கூட்டம். மூன்று ரிப்போர்ட்டையும் தனித்தனியாக மூன்று உரக்கடையில் காட்டியிருந்தால் மூன்று விதமான மூட்டையோடு வீட்டுக்கு வந்திருப்பேன். மே மாதச் சாம்பல்சத்து இறக்கத்தைப் பார்த்து பயப்படவும் வேண்டாம், மாங்காய் மற்ற எல்லாச் சத்தையும்விட அதைத்தான் அதிகமாக இழுக்கும், இலையிலிருந்து காய்க்குப் போய்விட்டது, அவ்வளவுதான்.

அப்படியானால் எந்த எண்ணை நம்புவது? மாமரத்துக்கு நம் நாட்டில் பின்பற்றும் முறைப்படி, நாலு முதல் ஏழு மாத வயதான இலையை, காம்போடு, கிளையின் நடுவிலிருந்து எடுக்க வேண்டும். அந்த வயதில் ஏறுவதும் இறங்குவதும் கொஞ்சம் நிதானப்பட்டிருக்கும். சரியான அளவு என்று புத்தகங்களில் போட்டிருக்கும் எண்கள் எல்லாமே அந்த வயது இலைக்கானவை. தழைச்சத்து 1.0 முதல் 1.5, சாம்பல்சத்து 0.3 முதல் 0.8, சுண்ணாம்பு 2.0 முதல் 3.5, சுண்ணாம்பு மண்ணாக இருந்தால் அதற்கும் மேலே. என் ஜனவரி ரிப்போர்ட்டை இதோடு வைத்துப் பார்த்தால் மரம் நன்றாகத்தான் இருக்கிறது. முதல் வருடத்துக் கொழுந்தை இதோடு வைத்துப் பார்த்ததால்தான் அந்தச் சிவப்பு எழுத்து. ஒரு வயதுக் குழந்தையின் எடையை இருபது வயது ஆளின் அட்டவணையில் வைத்துவிட்டு, சத்துக்குறைவு என்று மருந்து எழுதின கதை.

இந்த வயது விதி ஒவ்வொரு பழத்துக்கும் ஒவ்வொரு மாதிரி. கொய்யாவுக்கு நுனியிலிருந்து மூன்றாவது ஜோடி இலை, சப்போட்டாவுக்குப் பத்தாவது இலை, பப்பாளிக்கு ஆறாவது இலையின் காம்பு மட்டும். திராட்சைக்கும் காம்புதான், கவாத்து, அதாவது கிளை வெட்டு முடிந்து 45 நாள் வாக்கில், கொடியின் அடியிலிருந்து ஐந்தாவது இலைக்காம்பு. கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை வருடம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுப்பில் இருக்கும், அங்கே ஜனவரி, ஜூன் என்று மாதக் கணக்குச் சொன்னால் அர்த்தமே இல்லை, கவாத்துத் தேதியிலிருந்துதான் எண்ண வேண்டும். ஆப்பிள் மாதிரி இலையுதிர்க்கும் மரங்களில் இந்தப் போக்குவரத்து இன்னும் அப்பட்டமாகத் தெரியும். இலை விழுவதற்கு முன்னால் தழைச்சத்தில் பெரும் பங்கை மரம் பட்டைக்கும் வேருக்கும் திரும்ப இழுத்து வைத்துக்கொள்ளும், குளிர் முடிந்து விடுகிற முதல் துளிர் அந்தச் சேமிப்பில்தான் வருகிறது. அதனால் இமாச்சல், காஷ்மீர்ப் பக்கம் ஆப்பிளுக்கு இலை எடுப்பது ஜூலை, ஆகஸ்டில், இழுப்பு தொடங்குவதற்கு முன்.

இவ்வளவு இருக்கும்போது, நான் காசு கட்டிய ஆய்வகத்தின் படிவத்தில் என்ன கேட்டார்கள் தெரியுமா? பெயர், ஊர், பயிர், போன் நம்பர். முடிந்தது. கொழுந்து எப்போது விட்டது என்ற கேள்வி இல்லை. கடைசியாக என்ன மருந்து அடித்தீர்கள் என்று இல்லை. போன வருடம் காய்த்ததா, படுத்துவிட்டதா என்று இல்லை. மாமரம் ஒரு வருடம் கொட்டிக் கொடுத்தால் மறு வருடம் ஓய்வெடுக்கும் என்பது ஊருக்கே தெரியும், காய்ப்பு வருடத்து இலையும் ஓய்வு வருடத்து இலையும் ஒன்றாக இருக்காது, காய் பிடித்த கிளையின் இலையும் சும்மா இருக்கிற கிளையின் இலையும்கூட ஒன்றாக இருக்காது. இந்த மூன்று கேள்வியைச் சேர்க்க அரைப் பக்கம் போதும். என்னுடைய பெரிய குறை இதுதான், மற்றதெல்லாம் இதன் பிள்ளைகள்.

பிள்ளைகளில் ஒன்று நல்ல வேடிக்கை. அக்டோபர் ரிப்போர்ட்டைச் சும்மா எடுத்து வைத்துவிட்டேன், ஜனவரி ரிப்போர்ட்டில் தழைச்சத்து 1.3 என்று வந்து, பக்கத்தில் "பற்றாக்குறை" என்று போட்டிருந்தது. கொஞ்சம் உற்றுப் பார்த்தால் 'சரியான அளவு' என்ற கட்டத்தில் 2.5 முதல் 2.7 என்று இருக்கிறது. எங்கேயோ பார்த்த எண்ணாக இருக்கிறதே என்று தேடினால், அது ஆரஞ்சு, சாத்துக்குடி வகைக்குச் சொல்கிற அளவு! மாமரத்தைச் சாத்துக்குடித் தராசில் நிறுத்தியிருக்கிறார்கள். போன் போட்டேன். எடுத்த பெண் முதலில், "சார், அது சிஸ்டத்துல வர்றது சார்" என்றார். நான் விடவில்லை. கடைசியில் உள்ளே யாரிடமோ கேட்டுவிட்டு வந்து, தப்புதான் என்று ஒப்புக்கொண்டு, அன்று மாலையே திருத்திய ரிப்போர்ட்டை அனுப்பினார்கள், காசு கேட்கவில்லை, மன்னிப்பும் கேட்டார்கள். அந்த ஒரு கூடுதல் மார்க் இதற்காகத்தான். ஆனால் என்னைப்போல் உற்றுப் பார்க்காத ஆள் அந்த வாரம் மரத்துக்கு இரண்டு கிலோ யூரியா கொட்டியிருப்பார்.

கொட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதும் முக்கியம். ஜனவரியில் பெங்களூரா பூவெடுக்கிற நேரம். பூவெடுக்கும் முன் மாமரத்துக்கு வேண்டியது வறட்சியும் குளிரும். அந்தச் சமயத்தில் யூரியா வைத்துத் தண்ணீரும் கட்டினால் பூ வர வேண்டிய நுனியில் கொழுந்து வந்துவிடும். எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு போகத்தையே இழந்தவர்கள் இருக்கிறார்கள். வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை, ஆறு வயதுக்கு மேற்பட்ட மரத்துக்குத் தொழு உரம் 50 கிலோ, தழைச்சத்து 1 கிலோ, மணிச்சத்து 1 கிலோ, சாம்பல்சத்து 1.5 கிலோ, எல்லாம் செப்டம்பர் அக்டோபரில், மரத்தை ஒட்டி இல்லாமல் கொஞ்சம் தள்ளி. ஜனவரி இலை சொல்வது அடுத்த செப்டம்பருக்கான செய்தி. இதை ரிப்போர்ட்டின் அடியில் ஒரு வரியாகப் போட என்ன செலவு? போடவில்லை. அதற்குப் பதிலாக "உடனடியாக இடவும்" என்று இருந்தது.

இப்போது அந்தப் பூட்டிக்கொண்ட விஷயம். எங்கள் தோப்பில் கிழக்கு ஓர மரங்களில் சில வருடமாக நுனி இலைகள் சின்னதாக, குறுகலாக, நெருக்கமாகக் கொத்துப் போல வந்துகொண்டிருந்தன. துத்தநாகப் பற்றாக்குறை என்று எல்லோரும் சொல்வார்கள், சுக்கான்கல் மண்ணில் துத்தநாகம் கரையாமல் பூட்டிக்கொள்வது வழக்கம். ஆனால் ஜனவரி ரிப்போர்ட்டில் துத்தநாகம் 88 பிபிஎம் (பத்து லட்சத்தில் 88 பங்கு), "மிக அதிகம்". மாங்கனீசும் எகிறிப்போய் நின்றது. நான் குழம்பிவிட்டேன். கண்ணால் பார்க்கிற இலை ஒன்று சொல்கிறது, காகிதம் ஒன்று சொல்கிறது.

அப்புறம்தான் உறைத்தது. நவம்பர் மழைக்கு இலைக்கருகலுக்காக மேன்கோசெப் அடித்திருந்தேன். மேன்கோசெப் மருந்தே மாங்கனீசும் துத்தநாகமும் சேர்ந்த சரக்கு. இலையின் மேல் ஒட்டிக்கொண்டிருந்த மருந்தைத்தான் மெஷின் எண்ணியிருக்கிறது, இலைக்குள் இருந்த சத்தை அல்ல. தாமிரம் அடித்திருந்தால் தாமிரம் இப்படியே எகிறும். முறைப்படி ஆய்வகத்தில் இலையைக் குழாய்த் தண்ணீர், சோப்புக் கரைசல், நீர்த்த அமிலம், காய்ச்சி வடித்த நீர் என்று வரிசையாக, சீக்கிரமாகக் கழுவிவிட்டுத்தான் உலர்த்த வேண்டும், ஊறவைத்தால் சாம்பல்சத்து கரைந்து வெளியே போய்விடும். கேட்டேன். "ஈரத்துணியால துடைப்போம் சார்" என்றார்கள். ஈரத்துணி! அடுத்த மாதிரிக்கு விசைத்தெளிப்பான் குழாய் எட்டாததால் மருந்தே படாத பத்து மரத்தின் இலையை, வயது பார்த்து, தனியாக எடுத்துப் பையில் "மருந்து அடிக்காதது, அமிலத்தில் கழுவவும்" என்று பெரிதாக எழுதி அனுப்பினேன். துத்தநாகம் 17 பிபிஎம். மாமரத்துக்கு நம் நாட்டுக் கணக்கில் 25 வாக்கில் இருக்க வேண்டும்.

அதாவது இல்லாத பற்றாக்குறைக்கு 14,000 ரூபாய் மருந்து எழுதியவர்கள், இருந்த பற்றாக்குறையை "மிக அதிகம்" என்று எழுதியிருந்தார்கள். இரண்டு எண்ணுமே மெஷினில் சரியாக வந்தவைதான், அதுதான் வேடிக்கை.

துத்தநாகத்துக்கு நான் கொடுத்த செலவு சொற்பம். பெங்களூருப் பக்கம் ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட மேங்கோ ஸ்பெஷல் என்ற நுண்ணூட்டக் கலவையை வாங்கி, லிட்டருக்கு 5 கிராம், கூடவே எலுமிச்சம்பழச் சாறும் ஒரு ஷாம்பு பாக்கெட்டும் கலந்து அடித்தேன். எலுமிச்சையும் ஷாம்பும் கேட்டதும் கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், ஆனால் அதுதான் அவர்கள் சொல்லும் முறை. அடுத்த கொழுந்து கிழக்கு ஓரத்திலும் நல்ல அகலமாக வந்தது. காய்ப்பு கூடியதா என்று கேட்காதீர்கள், அது காய்ப்பு வருடம், எதைச் செய்யாவிட்டாலும் காய்த்திருக்கும்.

யாருக்கு இந்தச் சேவை வேண்டும், யாருக்கு வேண்டாம்? பத்துப் பதினைந்து மரம் வைத்திருப்பவர்கள் விட்டுவிடலாம், தொழு உரமும் பருவத்துக்குக் கவாத்தும் போதும். குத்தகைக்கு விடுகிற தோப்பு என்றாலும் யோசியுங்கள், பூ வந்தவுடன் வியாபாரி கைக்குப் போய்விட்டால் மருந்து அடிப்பது அவர், ரிப்போர்ட் பார்ப்பது நீங்கள், இரண்டும் சேராது. நாலைந்து ஏக்கர் நீங்களே பார்த்துக்கொள்கிறீர்கள், வருடம் ஐம்பதாயிரத்துக்கு மேல் உரச்செலவு என்றால் 1,500 ரூபாய் பெரிய காசில்லை. ஆனால் வருடத்துக்கு ஒரே ஒரு முறை, ஒரே வயது இலை, ஒரே பருவம். மூன்று நாலு வருட ரிப்போர்ட்டை அடுக்கி வைத்தால்தான் மரம் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும். அவர்களிடம் 'மூன்று மாதத்துக்கு ஒரு முறை, வருடத்துக்கு நாலு, தள்ளுபடி விலை' என்று ஒரு திட்டம் இருக்கிறது. அதை மட்டும் வாங்காதீர்கள். நாலு பருவத்து எண்ணையும் ஒரே அட்டவணையில் வைத்து நாலு விதமாக மிரட்டுவார்கள்.

பறிக்கும் வேலையை ஆளிடம் விடாமல் கூட நின்று பாருங்கள். மேடு ஒன்று பள்ளம் ஒன்றாக இருந்தால் இரண்டையும் கலக்காதீர்கள், எங்கள் கிழக்கு ஓரத்தையும் மேற்குச் செம்மண்ணையும் முதலில் ஒரே பையில் போட்டதும் ஒரு தப்பு. பூவோ காயோ இல்லாத கிளை, தோள் உயரம், நாலு திசை. பிளாஸ்டிக் பையில் கட்டினால் இலை வியர்த்து அழுகத் தொடங்கிவிடும், காகிதப் பை போதும். மருந்து அடிப்பதற்கு முன்னால் எடுத்துவிடுவது எல்லாவற்றிலும் உத்தமம்.

படிவத்தை மாற்றச் சொல்லி இரண்டு முறை எழுதிப் போட்டேன். பதில் வந்தது, மாற்றம் வரவில்லை. அதனால் நானே ஒரு தாளில் கொழுந்து விட்ட தேதி, மருந்து அடித்த தேதி, போன வருடக் காய்ப்பு எல்லாம் எழுதி ஒவ்வொரு பையிலும் ஊசி குத்தி அனுப்புகிறேன். இந்த வருடக் கொழுந்து ஆகஸ்ட் இரண்டாம் வாரம் விட்டது, கயிறு கட்டியாகிவிட்டது. போன வாரம் அதே பையன் வேறு தோப்புக்குப் போகிற வழியில் வண்டியை நிறுத்தி, "அண்ணா, இப்பவே பறிச்சுட்டுப் போயிரட்டுமா?" என்று கேட்டான். ஜனவரியில் வா என்றேன். கயிற்றைப் பார்த்துவிட்டு, "இது கட்டின கிளையில மட்டுமா அண்ணா?" என்றான். ஆமாம் என்றேன். டீ அப்போது வாங்கித் தருகிறேன் என்றும் சொல்லியிருக்கிறேன்.